இப்போ பாடலாமா, மாமா?

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதைக் கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் கடை முகவரிக்கு அனுப்பினேன். நாலு பேர் முன்னால் நீ எதையும் கிழிக்க மாட்டாய். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். பாடிப் பிழைக்கிறவனுக்கு அதைவிட வேறு அவமானம் வேண்டுமா, சொல்.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. எனக்கு அறுபத்துநான்கு. முழங்கால் இரண்டும் கைவிட்டுவிட்டன. முன்பெல்லாம் டிவியில் நான் துள்ளிக்கொண்டு வருவேன். இப்போது நான் நின்ற இடத்தில் நிற்கிறேன், கேமராதான் என்னைச் சுற்றித் துள்ளுகிறது. தலையில் இருப்பது விக். உனக்குத் தெரிந்திருக்கும், நீ தையலைப் பார்த்தே ஒரு மனுஷனின் கதையைச் சொல்லிவிடுகிறவள்.

அத்தான் போனபோது தெருமுனை வரைக்கும் வந்தேன் அக்கா. காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் இறங்கினால் அது அத்தான் வீட்டுத் துக்கமாக இருக்காது, என்னை வேடிக்கை பார்க்கும் கூட்டமாகிவிடும் என்று திரும்பிவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி என் ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போடுகிறது. நாற்பது வருடம், முப்பத்தொரு ஆல்பம். கூடவே மே மாதம் டிவியில் கடைசியாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு. தொகுப்புக்காகக் கிடங்கைக் குடைந்தபோது அந்தப் பாட்டின் முதல் டேப் கிடைத்திருக்கிறது. அதில் இருப்பது ஊருக்கே தெரிந்த 'மாமா, இப்போ பாடலாமா?' என்ற அந்த ஒரு வரி மட்டுமல்ல. எட்டு நிமிடம் உன் பெண், நம் வாலு, பேசிக்கொண்டே இருக்கிறாள். யாரோ மெஷினை நிறுத்த மறந்திருக்கிறார்கள்.

அதைத் தொகுப்பின் கடைசியில் சேர்க்க வேண்டுமாம். கம்பெனியில் இதைக் கவனிக்கிற பெண் கேட்டாள், "அந்தக் குழந்தை இப்போ என்ன பண்றாங்க சார்? மேடைக்குக் கூட்டிட்டு வந்துடலாமா?" நான் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். வெளிநாட்டில் இருக்கிறாள், வரமாட்டாள் என்று. டேப் விஷயத்தை மட்டும் என் அக்காவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "உங்களுக்கு அக்கா இருக்காங்களா சார்?" என்றாள்.

என்ன சொல்லட்டும், அக்கா?

உன் தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. பத்து நாளுக்கு மேல் தையல் மேஜையில் இஞ்ச் டேப்புக்கு அடியில் கிடந்தது.

டேப்பைப் போடக்கூடாது. எனக்கும் வேண்டாம். உன் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். காகிதம் மிச்சமிருப்பதால் மேலே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கிறாளா? எந்த நாட்டில்? கல்யாணம் செய்து வைத்துவிட்டாயா? எத்தனை பிள்ளைகள்? வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை வருட வழக்கம்? உயிரோடு இருந்தால் இப்போது நாற்பத்துமூன்று. நான் ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீ அவளை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாய்.

நாம் பேச்சை நிறுத்தியது ஏன் என்று உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அந்தப் பாட்டின் இருபத்தைந்தாவது வருடச் சிறப்பு நிகழ்ச்சி. அதுவரை நான் எதையும் சொன்னதில்லை. அந்த வருடம் ஒரு பெண் குழந்தையை மேடையில் நிறுத்தினாய். சுருள் முடி, வெள்ளைக் கவுன். பாட்டு ஆரம்பித்ததும் அது மைக்கில் சொன்னது: "மாமா, இப்போ பாடலாமா?" நீ அதைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாய். அத்தான் எழுந்து டிவியை நிறுத்தவில்லை, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கினார். என் பிள்ளைக்கு ஆள் போட்டுவிட்டாய் தம்பி. நடிகர் வராவிட்டால் இன்னொருவரைப் போடுவதில்லையா, அப்படி.

அத்தான் போன அன்று உன் காரைப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் கறுப்பாக ஒரு கார் நம் தெருவில் நின்றால் யாருக்கும் தெரியாமல் போகுமா? யாரையோ கைது செய்ய வந்திருக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நீ இறங்குவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்க நூறு பேர் வந்திருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. தூக்குவதற்கு ஓர் ஆள் குறைவாக இருந்தது.

உன் முதல் மேடைக் கோட்டு நான் தைத்ததுதான். அந்த ஜிகினா இன்னும் தரை இடுக்கில் அகப்படுகிறது.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

கம்பெனியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். டேப் அவர்கள் சொத்து, என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று வக்கீலை வைத்துக் கடிதம் அனுப்பினார்கள். டேப் என் கைக்கு வந்தால்தான் மே மாதம் மேடை ஏறுவேன் என்று பதில் போட்டேன். விளம்பரமெல்லாம் போட்டுவிட்டார்கள், அதனால் தருவார்கள். நாற்பது வருடத்தில் இப்படி ஒரு பிடிவாதம் நான் பிடித்ததே இல்லை. முதல் வரியை ஆறு தடவை பாடச் சொன்னாலும் பாடுகிற ஆள் நான்.

வெளிநாடு என்று நான் சொல்ல ஆரம்பித்தது அவள் போன மூன்றாம் மாதம். ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தூரத்தில் இருக்கிறாள் என்றேன். அவர் வெளிநாடு என்று எழுதிக்கொண்டார். அப்புறம் அதுவே வசதியாகிவிட்டது. சந்தோஷமான பாட்டு, சந்தோஷமான குழந்தை. யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வரியை எழுதுவதற்குள் மூன்று தாள் வீணாகிவிட்டது.

அவள் போன அன்றைக்குத்தான் என் முதல் சிறப்பு நிகழ்ச்சி. மாலை ஏழு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரியும் என்று உங்கள் இருவரிடமும் சொன்னேன். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அது பொய். ஐந்து மணிக்கே டெலிபோன் ஆபரேட்டர் சீட்டு கொடுத்தனுப்பினார். அத்தான் போன் செய்ததாகவும், குழந்தை நாலு மணிக்கு இறந்துவிட்டதாகவும் அதில் இருந்தது. அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். நீ தைத்த கோட்டு.

அறுபது வாத்தியக்காரர்கள் காத்திருந்தார்கள். நான் போகாவிட்டால் அத்தனை பேர் பிழைப்பும் போகும் என்று மேனேஜர் சொன்னார். நியாயம்தான் என்று பட்டது. இப்போதும் சில நாள் நியாயம் என்று படுகிறது.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பி,

எனக்குத் தெரியும்.

அவள் போன அடுத்த வருடம், டிவி நிலையத்தில் மேக்கப் போடுகிற அம்மா ஒருவர் கடைக்குப் பாவாடை சுருக்க வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. இடுப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருக்கும்போது உன் பேச்சு வந்தது. "பாவம், அன்னிக்கு அவர் கையில சீட்டு இருந்துச்சு. கண்ணுக்கு ரெண்டு தடவை மேக்கப் போட்டேன். நிக்கவே மாட்டேங்குது, கரைஞ்சு கரைஞ்சு ஓடுது" என்றார். நான் அளவை எழுதிக்கொண்டேன். அத்தானிடம் சொல்லவில்லை. அவர் உன் பேச்சை நம்பியிருந்தார், அதையும் ஏன் கெடுக்க வேண்டும்?

நீ பாடியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நானும் பதினோராம் நாள் வேலைக்குப் போனேன். ஒரு கல்யாணச் சட்டைக்குக் காலர் மாற்றினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. நீ அழுதாய் என்பதைக் கேட்டதில் எனக்கு நிம்மதிகூட இருந்தது. அழுதவன் ஏன் என்னிடம் வந்து பொய் சொன்னான் என்பதுதான் விளங்கவில்லை.

கடையில் ரேடியோ நாள் முழுக்கப் பாடும். பொத்தான் காஜா எடுக்கிற அம்மா ஒருத்தர் என் பக்கத்து மெஷின். அந்தப் பாட்டின் கிடார் சத்தம் வந்தால் போதும், எழுந்து போய் ரேடியோவைத் தணிப்பார். நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. முப்பது வருடம் இப்படியே ஓடியது. ஜனவரியில் அவர் வேலையை விட்டார். இப்போது புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். போன வாரம் பாட்டு வந்தது, அவள் எழவில்லை, சத்தத்தைக் கூட்டினாள். நான் வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டேன். ரொம்ப வருடத்துக்குப் பிறகு. என் ஞாபகத்தில் இருந்ததைவிட அவளுக்குக் கீச்சுக் குரல்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அத்தான் உயிரோடு இருந்தவரை யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருந்தேன்.

மூளைக்காய்ச்சல் நாலே நாளில் அவளை முடித்துவிட்டது. அதுதான் உனக்குத் தெரியுமே, நீயும் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நிமிடம் நின்றாய். கடைசி நாள் சாயங்காலம் எங்களை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். ஏதேதோ தாள்களில் கையெழுத்து. மூலையில் ஒரு டிவி. யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை. திடீரென்று, "மாமா, இப்போ பாடலாமா?"

அத்தான் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடினார். டிவிப் பக்கம் இல்லை. வார்டுப் பக்கம். அவள் கட்டிலை நோக்கி. "முழிச்சுட்டா, முழிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அங்கே விரிப்பை மாற்றியிருந்தார்கள். ஒரு நர்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது நீ பாடிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அவர் என்னோடு வாழ்ந்தார். அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உன் பாட்டை நீ பாடினாய், சரி. அவள் குரலை ஓடவிட்டது யார்? டைரக்டரா? நேராகப் பதில் சொல்.

அக்கா

*

மே 18

அக்கா,

நேற்று நடந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். மூத்த பாடகருக்கு வரிகள் மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பேப்பரில் டாக்டரிடமே கருத்துக் கேட்டிருக்கிறார்கள், வயதானால் இப்படி ஆகுமாம்.

என்ன நடந்தது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். நிகழ்ச்சியில் வாலுவின் குரல் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். எடுத்துவிட்டார்கள். பதினாறு பாட்டு பாடினேன், மேல் ஸ்தாயியெல்லாம் பின்பாட்டுக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். கடைசிப் பாட்டு அது. கிடார்காரர் ஆரம்பித்தார். அவள் பேச வேண்டிய இடத்தில் சின்ன இடைவெளி வந்தது. அரங்கில் இரண்டாயிரம் பேர். ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். "மாமா, இப்போ பாடலாமா?"

எத்தனையோ தடவை கேட்டதுதான். அதற்குக் கைகூட ஆட்டியிருக்கிறேன். நேற்று எனக்கு அத்தான் ஓடுவது தெரிந்தது.

வாய் திறக்கவில்லை. கிடார்காரர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மறுபடி கத்தினார்கள். ஐந்து தடவை. காதில் டைரக்டர், "பாடுங்க சார், பாடுங்க" என்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அந்தக் குழந்தை எங்கேயும் இல்லை, முப்பத்தாறு வருடமாக இல்லை என்று. சொன்னால் அழுவார்கள். அழுதுவிட்டு அதற்கும் கைதட்டுவார்கள். அதுவும் ஒரு நிகழ்ச்சியாகிவிடும். மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினேன். விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள்.

மறந்துவிட்டது என்றே எழுதட்டும்.

நீ கேட்டதற்குப் பதில். டைரக்டர் இல்லை. அவருக்குச் சீட்டு விஷயம் தெரியும். ஆறே முக்காலுக்கு என்னிடம் வந்து, "குழந்தை குரலை இன்னிக்கு எடுத்துடலாமா?" என்று கேட்டார். நான், "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். துக்கத்தில் அப்படிச் சொன்னேன், அவள் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது என்று இத்தனை வருடம் எனக்குள் சொல்லி வைத்திருந்தேன். இல்லை அக்கா. அது இல்லாமல் பாட்டு எடுபடாது என்று நினைத்தேன்.

டேப் என்னிடம் இருக்கிறது. கொளுத்தச் சொன்னால் கொளுத்துகிறேன்.

தம்பி

*

மே 24

தம்பி,

பார்த்தேன். புதுப் பெண் கடை டிவியில் போட்டாள். "ஐயோ, மறந்துட்டாரே" என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறக்கவில்லை என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.

கொளுத்தாதே. எடுத்துக்கொண்டு வா. இங்கே அந்த மாதிரி மெஷின் கிடையாது, அதையும் கொண்டு வா. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்குக் கடை இல்லை.

காரில் வராதே. விக்கையும் கழற்றி வைத்துவிட்டு வா, தெருவில் ஒருத்தருக்கும் உன்னைத் தெரியப் போவதில்லை.

அக்கா

*

ஜூன் 10

தம்பி,

மெஷினை விட்டுவிட்டுப் போனது நல்லதாகப் போயிற்று. உனக்கு முடி இல்லாமல் அப்பா சாயல் வந்துவிட்டது. கதவைத் திறந்ததும் வழிவிடாமல் நின்றுவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய்.

நீ வந்த சனிக்கிழமை ஐந்தாவது நிமிடத்தில், "போதும்கா" என்று நிறுத்தினாய். நான் அழுவதைப் பார்க்க முடியாமல் நிறுத்தினாய் என்று நினைத்தேன். ஆனால் டேப்பை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போனாய். மீதியைக் கேட்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

முந்தாநாள் கேட்டேன். பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுகிறீர்கள். ஸ்டுடியோவில் யாரோ சிரிக்கிறார்கள். அவள் கேட்கிறாள், "மாமா, நான் பேசினது அதுல பதிஞ்சிருச்சா?" பதிந்துவிட்டது என்கிறாய். "அழிச்சிடுங்க மாமா. வாயே திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க. அம்மா திட்டுவாங்க." நீ, "சரிடா, அழிச்சிடறேன்" என்கிறாய். "சத்தியமா?" "சத்தியமா." அப்புறம் ஏதோ நாற்காலி நகர்கிற சத்தம், அவ்வளவுதான்.

உன்மேல் கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. நான் 'அம்மா திட்டுவாங்க' என்ற இடத்தைத் தாண்டி நகரவில்லை. திரும்பத் திரும்ப அதையே ஓட்டிக் கேட்டேன்.

அன்று காலை அவளை ஸ்டுடியோவில் விடும்போது அப்படித்தான் சொன்னேன். வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் காதைத் திருகிச் சொன்னேன். சாயங்காலம் நீதான் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தாய். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அவளே முன்னால் வந்து, "பாட்டு நடுவுல பேசிட்டேன்மா" என்று சொன்னாள். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் வார் அறுந்த ஒரு செருப்பு வைத்திருந்தாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதுதான் ஞாபகம் இல்லை. இரண்டு நாளாகத் தேடுகிறேன். சிரித்தேனா, போனால் போகிறது என்றேனா, இல்லை, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேனா?

நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். அந்த வீட்டில் அன்று இருந்தவர்களில் மிச்சம் நீ ஒருவன்தான். நான் திட்டினேனா, தம்பி? அவளை அடித்தேனா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால், என் மனசு ஆறட்டும் என்று எதையாவது எழுதிவிடாதே.

அக்கா

*

ஜூன் 15

அக்கா,

நீ சிரித்தாய் என்றும், அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாய் என்றும் ஒரு கடிதம் எழுதினேன். ஒரே மூச்சில் எழுதினேன், படிக்க நன்றாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்றது உண்மை. வெளியே கார் காத்திருந்தது, அடுத்து ரேடியோவில் ஒரு பேட்டி. நான் உங்கள் இருவரையும் பார்க்கவில்லை அக்கா. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை வருகிறேன்.

தம்பி